படைக்குப் போகும் மகனின் சம்பளம்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், ஆஸ்டினில் இருக்கிறோம். மகன் டெக்சாஸ் மாநில அரசுத் துறை ஒன்றில் பொறியாளர். நேஷனல் கார்டிலும் இருக்கிறான். ஓராண்டுப் பணிக்கு வெளிநாடு போக ராணுவ உத்தரவு வந்துவிட்டது. அங்கே சம்பளம் குறைவு. வீட்டுக் கடன் வேறு கழுத்தை நெரிக்கிறது. என்ன செய்வது, ஐயா?

பதில்: வேலை போய்விடுமோ என்று பயப்படாதீர்கள், அம்மா. நாடு முழுமைக்குமான 1994-ம் ஆண்டுச் சட்டம் அதைக் காப்பாற்றுகிறது. பணி முடிந்த 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் பழைய வேலையில் மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடையில் கிடைத்திருக்கக்கூடிய ஊதிய உயர்வும் உண்டு. ஆனால், படையில் இருக்கும் காலத்துக்குச் சம்பளம் தரும்படி அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதை மாநிலங்கள்தான் பார்த்துக்கொள்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

டெக்சாஸ் அரசு ஊழியருக்கு ஆண்டில் 15 வேலை நாள் முழுச் சம்பளத்துடன் ராணுவ விடுப்பு. அதற்குப் பிறகு, தேசிய நெருக்கடிநிலையை ஒட்டிய அழைப்பாக இருந்தால், ராணுவச் சம்பளத்தில் விழும் துண்டை அவருடைய துறை ஈடுகட்டியே ஆக வேண்டும். மாநிலச் சம்பளம் மாதம் 6,500 டாலர், ராணுவத்தில் 5,200 என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,300 துறை தர வேண்டியது. போர்முனைப் படி, குடும்பத்தைப் பிரிந்திருப்பதற்கான படி இரண்டையும் ராணுவச் சம்பளமாகக் கணக்குக் காட்டி இதைக் குறைக்கக் கூடாது. பென்ஷன் கணக்கும் அறுபடாமல் பார்த்துக்கொள்ளலாம்: மாதம் ஒரு மணி நேரச் சம்பளமாவது மாநிலத்திடமிருந்து வந்தால் போதும், கையிருப்பு விடுப்பிலிருந்தே அதை எடுக்கலாம்.

அதே படைப்பிரிவில், அதே ஆபத்தில் நிற்கும் தனியார் நிறுவன ஊழியருக்கு இந்த ஈடு கிடையாது. முதலாளி மனம் வைத்தால்தான் உண்டு. இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வீட்டுக் கடனுக்கு வருகிறேன். பணிக்கு முன்பே வாங்கிய கடன் என்பதால், படையில் இருக்கும் காலமும் அதன் பிறகு ஓராண்டும் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது. கூடுதல் வட்டி தள்ளுபடியாகிறது, பின்னால் வசூலிக்க இயலாது; மாதத் தவணையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். வங்கி தானாகச் செய்யும் என்று காத்திருக்காதீர்கள்; உத்தரவின் நகலோடு எழுத்தில் கேளுங்கள். புறப்படும் முன் உங்கள் பேருக்கு ஒரு பவர் பத்திரம் எழுதித் தரச் சொல்லுங்கள். ராணுவச் சட்ட உதவி அலுவலகத்தில் அதை இலவசமாகவே எழுதித் தருவார்கள்.