அழுகைக்கு நடிப்பு, சிரிப்புக்குக் குரல்

கேள்வி: டிவி சீரியலுக்கு வேறு குரல் கொடுத்துக் கிண்டல் செய்வது அயர்லாந்திலும் உண்டாமே?

பதில்: உண்டு. அங்கே 1989 முதல் ஓடும் 'ஃபேர் சிட்டி' போன்ற சீரியல்களைப் பார்த்துப் பழகிய ஜனங்களாயிற்றே! ஆனால், அங்கே வந்த அசல் குறும்பு 'சூப்பி நார்மன்' என்ற டிவி நிகழ்ச்சிதான். பாரி மர்ஃபி, மார்க் டோஹர்ட்டி என்ற இருவர் 2007-இல் ஒரு போலந்து சீரியலை எடுத்துக்கொண்டு, வசனத்தை அடியோடு மாற்றினார்கள். அதில் வரும் போலந்துப் பெண் கார்க் மாவட்டத்து பட்டவென்ட் ஊர்க்காரி எஸ்தர் ஆனாள்; பிழைக்க டப்ளினுக்குப் போனாள்! போலந்துக்காரர்கள் அயர்லாந்துக்குத் திரண்டு வந்துகொண்டிருந்த காலம் அது. அதனால் கிண்டலுக்குக் கூடுதல் ருசி. தலைப்பில் இருக்கும் சூப்பியோ ஒரு குடிகாரர், எப்போதாவதுதான் தலைகாட்டுவார்.

இது ஏன் எடுபடுகிறது? சீரியலில் வசனம் முடிந்த பிறகும் கேமரா முகத்தை விடாது. கண் கலங்கும், உதடு துடிக்கும். அந்த இடைவெளியில் ஒரு அற்ப விஷயத்தைப் பேசவிட்டால் போதும். நடிகர் முகத்தில் துளி சிரிப்பு இல்லை; அதுதான் நமக்கு வயிற்றைப் புண்ணாக்குகிறது. நடிகரே சிரித்திருந்தால் இந்த வித்தை பலித்திருக்காது!