கண் பாதிப்புக்கான உதவித்தொகை மறுக்கப்பட்டதா?

(அமெரிக்கப் படையில் பணியாற்றியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்)

1. மறுப்புக் கடிதத்தின் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அன்றிலிருந்து ஓராண்டுக்குள் மேல்முறையீடு செய்தால், ஜெயித்த பிறகு பழைய விண்ணப்பத் தேதியிலிருந்தே பாக்கியும் கிடைக்க வழியுண்டு.

2. கோபத்தை ஆறப்போட்டு, காரணம் சொல்லும் பகுதியைப் படியுங்கள். இப்போது நோய் இருக்கிறதா, பணிக்காலத்தில் ஏதாவது நடந்ததா, இரண்டுக்கும் தொடர்பு உண்டா? இந்த மூன்றில் எது நிரூபிக்கப்படவில்லை என்கிறார்களோ, அதற்கு மட்டும் சான்று தேடினால் போதும்.

3. 2019 பிப்ரவரி முதல் மேல்முறையீட்டுக்கு மூன்று வழிகள் உள்ளன. புதுச் சான்று கையில் இருந்தால் 20-0995 படிவம். இருந்த தாள்களையே தவறாகப் படித்துவிட்டார்கள் என்றால் 20-0996. இதில் புதிதாக ஒரு துண்டுச் சீட்டைக்கூடச் சேர்க்க முடியாது. நீதிபதி பார்க்க வேண்டுமென்றால் 10182.

4. கண்ணாடி பவர் ஏறியதை மட்டும் எழுதாதீர்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை போன்றவை பொதுவாக நோய்க் கணக்கில் வராது. கண்ணாடி போட்ட பிறகு எவ்வளவு தெரிகிறது என்பதைத்தான் அளப்பார்கள்.

5. டாக்டர் கடிதம்தான் வழக்கின் உயிர். "தொடர்பு இருக்கலாம்" என்று மழுப்பினால் செல்லாது. பணியால் வந்திருக்க ஐம்பது சதவீதமாவது வாய்ப்பு உண்டு என்று, காரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். நேரடித் தொடர்பு இல்லையென்றாலும் சுற்றுவழி உண்டு. வியட்நாமில் பணியாற்றியவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தால், ஏஜென்ட் ஆரஞ்சு ரசாயனத்தால் வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால் அதையும் கேட்கலாம். பணியில் வந்த நோய்க்குச் சாப்பிட்ட ஸ்டீராய்டு கிளாக்கோமாவைக் கிளப்பியிருந்தாலும் இதே கதைதான்.

6. பக்கப் பார்வை குறைந்திருந்தால், பரிசோதனை முடிவு, பார்வைப் பரப்பைக் காட்டும் கோல்ட்மன் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளி டாக்டரிடம் போகும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

7. சொட்டு மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பணித் தொடர்பு ஏற்கப்பட்ட கிளாக்கோமாவுக்குத் தொடர்ந்து மருந்து தேவையென்றால் குறைந்தது 10 சதவீத இயலாமை மதிப்பீடு உண்டு. விழித்திரை ஊசி, லேசருக்குப் போன தேதிகளையும் எழுதி வையுங்கள். பன்னிரண்டு மாதத்தில் எத்தனை முறை என்பதும் சதவீதத்தைக் கூட்டலாம்.

8. டிஸேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ், அமெரிக்கன் லீஜியன் போன்ற சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகவே வழக்கை நடத்தித் தருவார்கள். முதல் முடிவு வருவதற்கு முன்பே கட்டணம் கேட்பவரிடம் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அது சட்டப்படி கூடாது.