சீட்டில் ஒன்று, உள்ளே வேறு

நம்பிக்கை: பழைய தவறை நாமே கிளறினால் பெயர் கெட்டுவிடும். பேசாமல் இருந்தால் நாளடைவில் அமுங்கிப்போகும்.

உண்மை: நெல் ஆராய்ச்சியாளர் பமீலா ரோனால்டுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆய்வகம் நடத்துபவர். நெற்பயிரைத் தாக்கும் பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் எக்ஸ்ஏ21 மரபணுவை 1995இல் பிரித்தெடுத்தது அவருடைய குழு. ஹைதராபாத்தில் உருவான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியிலும் அந்த மரபணு இருக்கிறது. பாக்டீரியாவின் எந்தப் பொருளைக் கண்டு அது விழித்துக்கொள்கிறது? விடை கிடைத்துவிட்டது என்று 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

பிறகு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதே சோதனையைச் செய்தார்கள். பழைய முடிவு வரவில்லை. மறுபடி செய்தும் வரவில்லை. சேமிப்பில் இருந்த பாக்டீரியா ரகங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். சிலவற்றில் சீட்டில் எழுதியிருந்தது ஒன்று, குழாய்க்குள் இருந்தது வேறு. கட்டுரைக்கு ஆதாரமாக நின்ற ஒரு சோதனை முறையும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக முடிவு காட்டியது.

அப்போது அவர் உலகறிந்த விஞ்ஞானி. அமுக்கிவிட்டிருக்கலாம். ஆனால் அந்த முடிவை நம்பி மற்ற ஆய்வகங்களில் இளம் ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் உழைத்துக்கொண்டிருப்பார்களே! எனக்கு இதில் பெரிதாகப் படுவது இந்த ஒரு கணக்குதான். சக ஆய்வாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். 2013இல் அந்தக் கட்டுரையையும் அதையொட்டி வந்த இன்னொன்றையும் திரும்பப் பெற்றார்.

நம்பிக்கை: செய்தவர்கள் வேறு யாரோ என்றால் நமக்குப் பொறுப்பில்லை.

உண்மை: அந்தச் சோதனைகளைச் செய்தவர்கள் அதற்குள் ஆய்வகத்தை விட்டுப் போயிருந்தார்கள். பழியை அவர்கள் தலையில் கட்டுவது எளிது. அவர் அப்படிச் செய்யவில்லை. கட்டுரையில் தலைமைப் பெயர் நம்முடையது என்றால் பதிலும் நம்முடையதுதான். அலுவலகக் கோப்பில் கையெழுத்துப் போட்டவருக்கும் இதே நியாயம்தான்.

நம்பிக்கை: ஒப்புக்கொண்டவரை இனி யாரும் நம்பமாட்டார்கள்.

உண்மை: எல்லோருக்கும் நல்லபடியாக முடியும் என்று நான் உறுதி தரமாட்டேன், வேலை போனவர்களும் உண்டு. ரோனால்டு அதே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார். எக்ஸ்ஏ21ஐ விழிக்கவைப்பது ராக்ஸ்-எக்ஸ் என்ற வேறொரு சிறு புரதம் என்று 2015இல் அவருடைய குழு வெளியிட்டது. 2019இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 2022இல் வேளாண்மைக்கான வுல்ஃப் பரிசும் வந்தது.