இருப்பும் வரத்தும்

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் மகாதீபம் பதினொரு நாள்கள் எரிகிறது. அதற்கு மூவாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட நெய் தேவை. நூற்றுக்கு நான்கு பங்கு கொழுப்புடைய பசும்பாலாயின், ஒரு கிலோ நெய்க்கு ஏறத்தாழ 25 லிட்டர் பால் வேண்டும். மூவாயிரம் கிலோவுக்கு 75,000 லிட்டர்! அப்பாலைத் தந்தது மாடு. மாட்டை வளர்த்தது புல். புல்லை வளர்த்தவை மழையும் வெயிலும். மலைமேல் சுடர்விடுவது, சில திங்களுக்கு முன் வயலில் விழுந்த கதிரவன் ஒளியே ஆகும்.

இத்தகைய கணக்கைப் பொருளியலுக்குள் கொணர்ந்தவர், தஞ்சையில் 1892ஆம் ஆண்டு பிறந்த ஜே.சி. குமரப்பா. அவர் தணிக்கைத் தொழில் பயின்றவர். இருப்புக்கும் வரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவரல்லர். நிலக்கரி, எண்ணெய், உலோகத்தாது ஆகியன எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. மழை, காடு, கால்நடை ஆகியன ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வரத்து. இருப்பைச் சார்ந்த வாழ்வு போட்டிக்கும் போருக்கும் இட்டுச்செல்லும் என்றும் அவர் கருதினார்.

திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத்தாது உள்ளது. அதை வெட்டியெடுக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் எதிர்த்தனர். இரும்பு வேண்டாம் என்று எவரும் கூறிவிட முடியாது. அவர்தம் கலப்பைக் கொழுவும் இரும்பே. ஆயினும், தாதை ஒருமுறைதான் எடுக்கலாம். அதை உருக்குவதற்கு நிலக்கரி என்னும் மற்றோர் இருப்பையும் எரித்தாக வேண்டும். மலைக்காடோ மழைநீரை மண்ணில் இறக்கி, அடிவாரத்துக் கிணறுகளுக்கு ஊற்றாக அனுப்புகிறது. சுரங்கத்தின் வரவுசெலவுக் கணக்கில் அந்த ஊற்றுக்குப் பத்தி ஒதுக்கப்படுவது அரிது.

தீபத்தின் நெய் முற்றிலும் வரத்தைச் சார்ந்தது எனக் கொள்வதும் இன்று பொருந்தாது. கறந்த பால் மின்சாரத்தால் குளிர்விக்கப்படுகிறது. அம்மின்சாரத்தில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிக்கும் பங்குண்டு. பாலும் நெய்யும் டீசல் வண்டிகளில் பயணம் செய்கின்றன. மாட்டுத் தீவனம் விளையும் நிலத்திற்கு இடும் யூரியா, இயற்கை எரிவாயுவிலிருந்து பெறப்படுவது. எனினும், அடிவாரத்திலிருந்து 2,668 அடி உயரமுள்ள உச்சிவரை அந்நெய்யைக் கொண்டுசேர்ப்பவை இன்றும் மனிதத் தோள்களே.