டிராக்ஷன் கொன்ட்ரோலை எப்போது நிறுத்தலாம்?

கேள்வி: ஸ்போர்ட்ஸ் காரில் டிராக்ஷன் கொன்ட்ரோலை நிறுத்திவிட்டால்தான் வண்டி நன்றாக இழுக்கும் என்கிறார் மச்சான். உண்மையா?
– வாசகர், நாவிதன்வெளி

பதில்: மச்சான் சொல்வது பாதி சரி, தம்பி. சில்லு வழுக்கிச் சுழல்வதை சென்சர் கண்டதும் எஞ்சினின் இழுவையைக் குறைத்து, அந்தச் சில்லுக்கு பிரேக்கும் கொடுப்பதுதான் இதன் வேலை. கல்முனைக் கடற்கரை மணலில் புதைந்தால் இந்த உதவியே உபத்திரவம். நீங்கள் அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அது எஞ்சினை அடக்கும், வண்டி அசையாது. அங்கே பட்டனை அழுத்தி அதை நிறுத்துங்கள். டயரில் கொஞ்சம் காற்றையும் இறக்குங்கள். வெளியே வந்ததும் மறக்காமல் பட்டனை மறுபடி அழுத்துங்கள். பல டொயோட்டா வண்டிகளில், நின்றபடி பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் சறுக்கலைத் தடுக்கும் வீ.எஸ்.சி.யும் சேர்ந்தே போய்விடும், கவனம்.

மற்றது பந்தயத் தடம். கைதேர்ந்தவர் டயரைச் சற்றே வழுக்கவிட்டு நேரத்தை மிச்சம் பிடிப்பார். ஃபோர்முலா வன்னில் டிராக்ஷன் கொன்ட்ரோலை 1994இல் தடைசெய்து, 2001இல் திரும்ப அனுமதித்து, 2008இல் மீண்டும் தடைசெய்தார்கள். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் அது அனுமதிக்கப்பட்ட காலத்தில் ஓடினார். 2011இல் திரும்பி வந்தபோது எல்லாம் அவருடைய வலது காலிலேயே.

மாரி மழையில், வயல் சேறு படிந்த தார் வீதியில்? பட்டனைத் தொடவே வேண்டாம். கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஏறினால் எந்தப் பட்டனும் உதவாது, வண்டியைத் திருப்புங்கள்.