ஜப்தி வீடும் குறைந்த முன்பணமும்

கேள்வி: அமெரிக்காவில் வங்கி ஜப்தி செய்த வீட்டை, கையில் பெரிய முன்பணம் இல்லாமல் கடனில் வாங்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் ஏலத்தில் அல்ல. நீதிமன்ற வாசலில் நடக்கும் ஏலங்களில் பொதுவாக முழுத்தொகையையும் உடனடியாகச் செலுத்த வேண்டியிருப்பதால், அங்கே விலைபோகாமல் வங்கியிடமே தங்கிவிட்ட வீடுகளே கடனில் வாங்குவோருக்கு ஏற்றவை. எஃப்.எச்.ஏ. எனப்படும் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கடனுக்குக் காப்பீடு அளிப்பதால், கடன் மதிப்பெண், அதாவது பழைய கடன்களை ஒழுங்காக அடைத்ததைக் காட்டும் எண், 580க்குக் குறையாதவர் 3.5 சதவீத முன்பணத்தில், 2 லட்சம் டாலர் வீட்டுக்கு 7,000 டாலர் கட்டி, வாங்கத் தகுதி பெறுகிறார். அவரே அதில் குடியேற வேண்டும் என்பது நிபந்தனை. கூரை ஒழுகினாலோ வெப்பமூட்டி இயங்காவிட்டாலோ மதிப்பீட்டாளரின் அறிக்கையிலேயே கடன் நின்றுவிடக்கூடும் என்பதால், அத்தகைய வீட்டுக்குப் பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்து வழங்கும் 203(கே) கடனை நாடுவதே வழியாகும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். உள்ளது உள்ளபடி விற்கப்படும் ஜப்தி வீட்டையோ, கையெழுத்திடுமுன் ஆய்வாளரைக் கொண்டு அடித்தளம் முதல் கூரை வரை பார்த்தே ஆக வேண்டும்.