மீதியை என் செய்வது?

வகுத்தலில் ஈவு கிடைத்ததும் கணக்கு முடிந்ததென்று எண்ணுகிறோம். மீதியிலேதான் வியாபாரியின் கவனம் வேண்டும்.

சிலிம் ரிவர் கடையொன்றில் 100 பிஸ்கட் டின்கள். பெட்டிக்கு 12 வீதம் அடுக்கினால் ஈவு 8, மீதி 4. யாவும் லாரியேற எத்தனை பெட்டி வேண்டும்? 9. முழுப் பெட்டியாக எத்தனை விற்கலாம்? 8. கணக்கு ஒன்று, கேள்வி வேறு.

ரொக்க விற்பனையிலும் மீதி உண்டு. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் பில்லின் மொத்தத் தொகையை 5 சென்னால் வகுத்து, மீதி 1, 2 ஆனால் தள்ளுகிறோம். 3, 4 ஆனால் 5 ஆக்குகிறோம். சாமான்தோறும் அப்படிச் செய்தலாகாது.

100 ரிங்கிட் லாபத்தை 12 கூட்டாளிகள் பிரித்தால் தலைக்கு 8 ரிங்கிட் 33 சென். மீதி 4 சென். அதுவும் பொதுப்பணமே, பேரேட்டில் எழுதி வைப்போம். எழுதாத மீதியே கூட்டைப் பிரிக்கும்.